கைமாறி வந்த யூ.எஸ்.பி டாங்கிள்: செருகலாமா, வேண்டாமா?

தூக்கணாங்குருவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டு இணைய இணைப்பு வாரத்துக்கு இரண்டு முறையாவது படுத்துவிடுகிறது. எனக்கோ மொழிபெயர்ப்பு வேலை. கெடு நேரத்தில் இணையம் போனால் மூச்சே நின்றுவிடும். அவசரத்துக்கு உதவட்டும் என்று தெரிந்தவர் ஒருவர் பழைய 4ஜி டாங்கிள் ஒன்றைக் கொடுத்தார், சிம் போட்டுக் கணினியில் செருகினால் இணையம் தரும் குச்சி. அதற்கு முன் அது யார் கையில் இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

நேற்றிரவு புது சிம்மைப் போட்டுச் செருகினேன். உடனே கணினியில் ஒரு சி.டி. டிரைவ் முளைத்தது. என் மடிக்கணினியில் சி.டி. போடும் இடமே கிடையாது! அந்த இல்லாத சி.டி.க்குள் ஒரு நிறுவல் கோப்பு இருக்கிறது, "இயக்கவா?" என்று கேட்கிறது. பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். இது வைரஸா? வங்கி வேலையும் இதே கணினியில்தான் செய்கிறேன். இந்த டாங்கிளை நம்பலாமா?

கல்தச்சன்

வீணாகப் பயப்படுகிறீர்கள். எல்லா டாங்கிளும் அப்படித்தான் வரும். மென்பொருளை நிறுவுங்கள், இணையுங்கள், வேலையைப் பாருங்கள். நான் எட்டு ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறேன். பொது வைஃபையில் யார் யாரோ இருப்பார்கள். இங்கே உங்கள் சிம், உங்கள் இணைப்பு. நடுவில் நுழைய ஒருவனும் இல்லை.

நடுநிசி நிரலர்

கல்தச்சன் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சி.டி. வைரஸ் அல்ல. டாங்கிள் என்பது செல்பேசி வலையோடு பேசும் ஒரு மோடம். அதற்குள் சிறிய நினைவகம் ஒன்று உண்டு. செருகியவுடன் டாங்கிள் தன்னைச் சி.டி. டிரைவ் என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். நிறுவல் முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மாறும். தனியாக ஒரு சி.டி. தட்டு கொடுக்கும் செலவை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற தீநிரலுக்குப் பென் டிரைவின் ஆட்டோரனும் (செருகியதும் நிரலைத் தானாக இயக்கும் வசதி) ஒரு வாகனமாக இருந்தது. அதனால் விண்டோஸ் 7 பென் டிரைவுகளுக்கு ஆட்டோரனை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களான எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் அதே கட்டுப்பாடு அப்டேட்டாக வந்தது. இரண்டிலும் சி.டி., டி.வி.டி.க்கு மட்டும் விலக்கு. டாங்கிள் போட்டிருப்பது சி.டி. வேடம் அல்லவா? வாசலில் காவல் போட்டவர்கள் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்த மாதிரி.

அந்தச் சி.டி.யில் இருப்பது தயாரிப்பாளர் வைத்ததுதான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2013இல் பிளாக் ஹாட் ஐரோப்பா என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் நிகிதா தரகனோவ் என்ற ஆய்வாளர், யூ.எஸ்.பி மோடத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்து, திருத்தி, மறுபடி மோடத்திலேயே எழுதிவிட முடியும் என்று விளக்கினார். புது டாங்கிள் என்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். உங்களுடையது முகம் தெரியாத கைகளைத் தாண்டி வந்தது.

ஆகவே அந்த நிறுவலை இயக்காதீர்கள். உங்கள் கணினியில் என்ன விண்டோஸ்?

தூக்கணாங்குருவி

விண்டோஸ் 11. நிறுவாவிட்டால் இணையம் எப்படி வரும்?

வெள்ளிமீன்

பெரும்பாலும் தானாகவே வரும், அக்கா. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலே மொபைல் மோடம்களோடு பேசும் பொது இயக்கி (டிரைவர்) விண்டோஸிலேயே இருக்கிறது. நான் விண்டோஸ் அல்ல, லினக்ஸ் இயங்குதளக்காரி. அங்கே மோடு சுவிட்ச் என்ற சிறு நிரல் சி.டி. வேடத்தைக் கலைத்துவிடும், மற்றதை மோடம் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். எந்த டாங்கிளோடு வந்த மென்பொருளையும் நான் இதுவரை நிறுவியதில்லை.

உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரியவேண்டும். பழைய வகை, தொலைபேசி மாதிரி *99# என்ற எண்ணைச் சுழற்றி இணையும். அதில் செல்பேசி நிறுவனம் தரும் ஐ.பி. முகவரி (இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் எண்) நேரே உங்கள் கணினிக்கே வந்துவிடும். புதிய வகை, கணினிக்கு ஒரு நெட்வொர்க் கார்டு போலத் தெரியும். அதற்குள் குட்டி ரூட்டர் ஒன்று ஓடுகிறது. உலாவியில் 192.168.8.1 அல்லது 192.168.0.1 என்று தட்டிப் பாருங்கள். ஏதாவது பக்கம் திறந்தால் அது புதிய வகை.

சி.டி. கேட்கும் கேள்வியை மூடிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து செய்யுங்கள்.

தூக்கணாங்குருவி

திறந்தது! முதல் முகவரியே. இணையமும் வந்துவிட்டது, எதையும் நிறுவவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டது. சும்மா "அட்மின்", "அட்மின்" என்று போட்டேன், உள்ளே விட்டுவிட்டது. மேலே உறை வடிவப் படத்தின் மீது 61 என்று இருந்தது. சொடுக்கினால் குறுஞ்செய்திகள். என் சிம் நேற்று வாங்கியது, அதற்கு ஒரு செய்தியும் வரவில்லை. இவை முழுக்க முந்தைய உரிமையாளருடையவை. முதல் வரிகள் மட்டும் தெரிகின்றன: "உங்கள் ஒருமுறைக் கடவுச்சொல்...", "உங்கள் கணக்கில் மீதம்...", மருத்துவமனையிலிருந்து ஒரு முன்பதிவு நினைவூட்டல், பிறகு "அம்மா, சேர்ந்துவிட்டேன்". அடுத்தவர் வீட்டு அலமாரியைத் தெரியாமல் திறந்துவிட்டது போல் கூச்சமாகிவிட்டது. மூடிவிட்டேன்.

சிம்மை எடுத்துவிட்டுத்தானே கொடுத்திருப்பார்? இவை எப்படி உள்ளே இருக்கின்றன?

பனைமட்டை

சிம்மில் இல்லையம்மா, மோடத்தின் வயிற்றில் இருக்கின்றன. இந்த வகை மோடம்கள் குறுஞ்செய்தியைத் தம் சொந்த நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். சிம்மை எடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நம்பித்தான் ஊர் உலகமே டாங்கிளைக் கைமாற்றுகிறது. படிக்காமல் மொத்தமாக அழித்துவிடுங்கள்.

என் கதையும் சொல்கிறேன். வயது எழுபத்து மூன்று, மின் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டாங்கிளை எங்கோ தவறவிட்டேன், சிம்மோடு. "டேட்டா சிம்தானே" என்று அலட்சியமாக இருந்தேன். அந்த எண்ணைத்தான் ஒரு மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண்ணாகக் கொடுத்திருந்தேன் என்பது பத்து நாள் கழித்து நினைவுக்கு வந்தது. நல்ல வேளையாக எடுத்தவர் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால்? அந்தச் சிம்மை எந்தக் கைப்பேசியில் போட்டாலும் என் கணக்குக்கான குறியீடு அங்கே போய் இறங்கியிருக்கும்.

அன்றிலிருந்து சிம்முக்கு 'பின்' என்ற இரகசிய எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்தாலும், டாங்கிளைப் பிடுங்கிச் செருகினாலும், பின்னைக் கேட்காமல் அது வாய் திறக்காது.

நடுநிசி நிரலர்

ஐயா சொன்னது இந்த இழையிலேயே உருப்படியான அறிவுரை. ஓர் எச்சரிக்கை மட்டும். பின்னை மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் எட்டு இலக்கப் பி.யு.கே. எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும், பிறகு மாற்றுச் சிம்தான். சிம் வந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். தொடக்கப் பின்னும் பி.யு.கே.யும் பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும்.

குருவி, அழித்துவிட்டீர்களா? அழித்தபின் அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: இணைப்புச் சுயவிவரத்தில் ஏ.பி.என் (செல்பேசி நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர்) என்னவென்று இருக்கிறது? டி.என்.எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் யாராவது கையால் எண்களை நிரப்பியிருக்கிறார்களா?

தூக்கணாங்குருவி

61ஐயும் அழித்துவிட்டேன். சுயவிவரங்கள் இரண்டு. ஒன்று என் சிம் நிறுவனத்தின் பெயரில். இன்னொன்று நான் கேள்விப்படாத பெயரில் இருக்கிறது. அதன் கீழே பயனர் பெயரும் புள்ளி புள்ளியாக ஒரு கடவுச்சொல்லும். டி.என்.எஸ் தானியங்கி என்றுதான் காட்டுகிறது. அந்த இரண்டாவது என்ன? உளவு வேலையா?

வெள்ளிமீன்

இல்லை அக்கா, அது முந்தையவர் வைத்திருந்த சிம் நிறுவனத்தின் ஏ.பி.என் ஆக இருக்கும். சில நிறுவனங்கள் அதற்கும் ஒரு பொதுப் பயனர் பெயர், கடவுச்சொல் வைத்திருக்கும். மீட்டமைத்தால் போய்விடும்.

நடுநிசி நிரலர்

ஆம், அது அப்பாவி. நான் தேடியது டி.என்.எஸ் மாற்றத்தை. ஏன் என்று சொல்கிறேன், இது கொஞ்சம் நீளும்.

உங்கள் டாங்கிள் வெறும் குச்சி அல்ல. தனக்கென்று செயலி, இயங்குதளம், வலைப்பக்கம் எல்லாம் வைத்திருக்கும் தனிக் கணினி. நீங்கள் வங்கியின் முகவரியைத் தட்டும்போது "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்ற கேள்வி முதலில் அதனிடம்தான் போகிறது. அங்கே டி.என்.எஸ் மாற்றப்பட்டிருந்தால், கணினியில் எத்தனை வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருந்தாலும் வேறொரு வாசலுக்குத்தான் அனுப்பிவைக்கப்படுவீர்கள்.

அதை மாற்ற யாரும் உங்கள் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. நீங்கள் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் நிரல், உங்கள் உலாவியை வைத்தே 192.168.8.1க்கு ஒரு கட்டளையை அனுப்புகிறது. மோடத்தைப் பொறுத்தவரை அது வீட்டுக்காரர் குரல். 2014, 2015இல் பாசிடிவ் டெக்னாலஜீஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல நிறுவனங்களின் 3ஜி, 4ஜி மோடம்களைச் சோதித்தபோது இந்த வகை ஓட்டைகள் வரிசையாகக் கிடைத்தன.

அதனால் முதல் வேலையாக அந்த "அட்மின்" கடவுச்சொல்லை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து வெளியேறுங்கள். வெறுமனே தாவலை மூடிவிட்டுப் போகாதீர்கள். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் (டாங்கிளின் உள் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள். பழைய மாடலுக்கு அப்டேட்டே வருவதில்லை என்பதுதான் நடைமுறை. அதனால் விண்டோஸிலோ உலாவியிலோ டி.என்.எஸ்ஸை நீங்களே குறிப்பிட்டுவிடுவது நல்லது. அப்போது மோடத்திடம் வழி கேட்கும் வேலையே இல்லை.

கல்தச்சன்

எலியைப் பிடிக்க வீட்டையே இடிக்கச் சொல்கிறீர்கள். வங்கித் தளத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே, எச்.டி.டி.பி.எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு! போலித் தளத்துக்குப் போனால் உலாவியே சான்றிதழ் சரியில்லை என்று கத்தும். அப்புறம், வெளியிலிருந்து யாரும் என் கணினியைத் தொடவே முடியாது. செல்பேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. என்னுடையது 100.72 என்று தொடங்குகிறது. அது இணையத்தில் யாருக்கும் தெரியாத முகவரி.

நடுநிசி நிரலர்

பூட்டுப் படம் பற்றிச் சொன்னது சரி. உலாவி கத்தும். கத்தும்போது "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்தாதவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இரண்டாவதில் உங்கள் கணக்கு தப்பு. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை, உண்மை. வெளியாள் நேரே வர முடியாது, அதுவும் உண்மை. ஆனால் அதே நிறுவனத்தின் மதிலுக்குள் இருக்கும் இன்னொரு வாடிக்கையாளர் உங்களிடம் வருவதைச் சில நிறுவனங்கள் தடுத்து வைத்திருக்கின்றன, எல்லா நிறுவனங்களும் தடுத்திருக்கும் என்று எழுதித் தர முடியாது. மேலும் இப்போது பல செல்பேசி வலைகளில் ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறை வந்துவிட்டது. அதில் உங்கள் கருவிக்கு உலகறிந்த முகவரியே கிடைக்கும். மதில் என்று நீங்கள் நினைத்தது வெறும் கோலம்.

100.72 உங்கள் கணினியிலேயே தெரிகிறது என்றால் நீங்கள் வைத்திருப்பது *99# வகை. நடுவில் குட்டி ரூட்டர்கூட இல்லை. இணைப்பைப் பொது வலை என்று குறித்திருக்கிறீர்களா, தனியார் வலை என்றா?

கல்தச்சன்

தனியார். என் சொந்த இணைப்புதானே?

நடுநிசி நிரலர்

விண்டோஸ் அகராதியில் "தனியார்" என்றால் "சுற்றியிருக்கும் எல்லாரும் என் வீட்டு ஆட்கள், கதவைத் திறந்து வை" என்று பொருள். போய் மாற்றுங்கள் ஐயா. அப்படியே எந்தக் கோப்புறையெல்லாம் பகிரப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

கல்தச்சன்

(இரண்டு மணி நேரம் கழித்து.)

பார்த்தேன். என் மைத்துனருக்குப் படங்கள் அனுப்ப எப்போதோ ஒரு கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்திருக்கிறேன். அது இன்னமும் அப்படியே கிடக்கிறது. குடும்பத்தின் அடையாள அட்டை நகல்கள் முழுக்க அதற்குள். எட்டு ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்று மார்தட்டியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆகியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பொது வலைக்கு மாற்றிவிட்டேன், பகிர்வையும் எடுத்துவிட்டேன்.

ஈசல்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் டாங்கிள் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கிறது. பூட்டை உடைக்க ஒரு மென்பொருள் கிடைத்தது. வைரஸ் எதிர்ப்பை நிறுத்திவிட்டு இயக்கச் சொல்கிறது. இதோ இணைப்பு: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

இணைப்பை நீக்கியிருக்கிறேன். "காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திற" என்று ஒரு மென்பொருள் கேட்கும்போதே அது எதற்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பூட்டை நீக்கும் எண்ணை உங்கள் நிறுவனத்திடமே கேளுங்கள். தப்பான எண்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பல மோடம்களில் பத்து முறைக்குமேல் தவறினால் பூட்டு நிரந்தரமாகிவிடும்.

தூக்கணாங்குருவி

மீட்டமைத்தேன், கடவுச்சொல் மாற்றினேன், சிம்முக்கு 'பின்' எண்ணும் போட்டாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

இப்போது வேறு தொல்லை. அரைமணிக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து டாங்கிளே காணாமல் போகிறது. பத்து நொடியில் மறுபடி சி.டி. வேடத்தோடு வருகிறது. தொட்டால் சுடுகிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

பனைமட்டை

யாரும் புகவில்லை, மூச்சுத் திணறுகிறது. இது என் துறை.

சாதாரண யூ.எஸ்.பி 2 வாய் தரும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யூ.எஸ்.பி 3 தருவது 900. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் மோடம் கோபுரத்தை எட்டத் தொண்டை கிழியக் கத்தும். அப்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கும், சூடேறும், வாய் கொடுப்பது போதாமல் விழுந்து எழும். அந்த வலைப்பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று சிக்னல் வலுவைக் காட்டும் ஓர் எண் இருக்கும், பாருங்கள். −80 என்றால் சுகம். −110 தாண்டினால் அவஸ்தை.

தூக்கணாங்குருவி

−113 என்று இருக்கிறது ஐயா.

பனைமட்டை

அதுதான் சங்கதி. நல்ல தடித்த நீட்டிப்பு வடம் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிய நீள வடம் வழியிலேயே மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். டாங்கிளைச் சன்னல் பக்கம் கொண்டுபோங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: நேரே மடிக்கணினியில் துருத்திக்கொண்டு நின்றால், முழங்கை பட்டு யூ.எஸ்.பி வாயே பிய்ந்துவிடும். நான் அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன். டாங்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கணினிக்குத்தான் வைத்தியம்.

பக்கத்து வாயில் யூ.எஸ்.பி 3 வன்தட்டு இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். அவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகே இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை வெளியிட்டது.

வெள்ளிமீன்

அக்கா, சிக்னல் குறைந்தால் மோடம் தானாக 2ஜிக்கு இறங்கும். அதைத் தடுத்துவிடுங்கள். 2ஜியில் சிம்தான் தன்னை நிரூபிக்க வேண்டும். கோபுரம் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. போலிக் கோபுரம் வைப்பவருக்கு அது பட்டுக் கம்பளம். 3ஜியிலிருந்து இரு பக்கமும் நிரூபிக்க வேண்டும். வலைப்பக்கத்தில் "4ஜி மட்டும்" என்று வையுங்கள்.

விண்டோஸில் இந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்றும் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கும்போது அப்டேட் வந்து டேட்டாவைத் துடைத்து வைத்துவிடும். ஆனால் அப்படியே மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பு அப்டேட்டுகளை வீட்டு இணைப்பு வரும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

கல்தச்சன்

வி.பி.என் (போக்குவரத்தைக் குறியாக்கி அனுப்பும் சேவை) போட்டுவிட்டால் இத்தனையும் தேவையில்லை அல்லவா?

நடுநிசி நிரலர்

வி.பி.என் வழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும். குறுஞ்செய்திப் பெட்டியையோ, சிம் திருட்டையோ, நீங்கள் பகிர்ந்து வைத்த கோப்புறையையோ அதற்குத் தெரியாது. தவிர, இலவச வி.பி.என் என்றால் செல்பேசி நிறுவனத்தை நம்பாமல் முன்பின் தெரியாத ஒருவனை நம்புகிறீர்கள். அலுவலகம் கொடுத்தது இருந்தால் போடுங்கள்.

தூக்கணாங்குருவி

கடைசித் தகவல். வடம் வாங்கி, டாங்கிளைச் சன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். −113 இருந்தது −94 ஆனது. நான்கு மணி நேரமாக ஒருமுறைகூட அறவில்லை, சூடும் இல்லை. டாங்கிளின் பின்னால் இருந்த, அந்தக் கருவிக்கே உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டேன். தொலைந்தால் நிறுவனத்திடம் சொல்லி முடக்கலாம் என்று எங்கோ படித்தேன். வங்கிக்கு மட்டும் இன்னும் இதைப் பயன்படுத்தவில்லை. அதற்கு வீட்டு இணைப்பு வரும்வரை காத்திருக்கிறேன்.

இன்று காலை ஒரு காகம் வந்து டாங்கிளை இரண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு ஏதாவது ஃபயர்வால் உண்டா?

பனைமட்டை

பெயருக்கேற்ற வேலைதான் செய்திருக்கிறீர்கள். கம்பிக்கு உள்பக்கம் தொங்கவிடுங்களம்மா, மழையும் படாது.